வெள்ளவத்தையில் வௌவால் பறக்கிறது

அந்தச் சிலைடைக் கண்டவுடன் எனக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது.

2024 டிசம்பர், கொழும்பில் இரண்டு நாள் தொழில்நுட்ப மாநாடு. பௌத்தாலோக மாவத்தையில் இருக்கும் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில், பெரிய அரங்கை விட்டுத் தள்ளியிருந்த ஒரு சின்ன அறையில் நாற்பது பேரளவில் இருந்தோம். முதல் நாள் பின்னேரம் மூன்று மணி. முழு நிகழ்ச்சி நிரலிலும் தமிழில் வைத்த ஒரே அமர்வு அதுதான். பழைய தமிழ்க் கோப்புகளை, எந்தக் கணினியிலும் ஒரே மாதிரித் திறக்கும் யூனிகோடுக்கு மாற்றுவது பற்றி மலையகத்தின் ஹட்டன் பக்கத்து ஆசிரியர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். முப்பது வயது சொல்லலாம். அவசரப்படாமல் நன்றாகவே பேசினார். ஐந்தாவதோ ஆறாவதோ சிலைடில் பெரிய எழுத்தில் வந்தது: “வெள்ளவத்தையில் வௌவால் பறக்கிறது.”

அது என்னுடைய வரி.

அந்த வரியில் என்ன இருக்கிறது என்று சொன்னால்தான் எனக்கு வந்த கோபம் விளங்கும். இலங்கையில் யூனிகோட் பரவுமுன் அச்சகம், பாடசாலை, கோயில் மலர் என்று ஏராளமான வேலைகள் பாமினி எழுத்துருவில் நடந்தன. ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது. பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். அதனால்தான் யூனிகோடுக்கு மாற்றுகிறோம். மாற்றும்போது சறுக்குகிற இடம் ஔகாரம். பாமினியில் ‘வௌ’ என்று தட்ட முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு வ, பிறகு ள. ‘வெள’ என்று தட்டவும் அதே மூன்று விசைகள்தான். அந்த ள எழுத்தா, குறியின் பாதியா என்று எழுத்துருமாற்றிக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஔகாரமாக்கினால் ‘வெளியீடு’ என்பது ‘வௌியீடு’ ஆகிவிடும். ஒன்றையும் ஆக்காமல் விட்டால் ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் அகப்படாது. அன்று எங்கள் கையில் தந்த நிகழ்ச்சி நிரலிலேயே வீதியின் பெயர் ‘பெளத்தாலோக’ என்றுதான் அச்சாகியிருந்தது.

2011 இல் இதற்காக நான் ஆறு பக்க வழிகாட்டி ஒன்று எழுதினேன். பகலில் மென்பொருள் சோதிக்கும் வேலை, இரவில் இந்த எழுத்து. எந்த மாற்றியையும் ஒரே வரியில் சோதிக்க வேண்டும், அந்த வரியில் இரண்டு சிக்கலும் வர வேண்டும் என்று பல நாள் யோசித்தேன். ஒருநாள் மம்மல் பொழுதில் வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்த வீட்டு மொட்டைமாடியில் நிற்க, பெரிய வௌவால்கள் தலைக்கு மேலால் கிழக்குப் பக்கம் போயின. அப்போது கிடைத்தது. ‘வெள்ளவத்தை’யில் ள எழுத்தாக நிற்க வேண்டும், ‘வௌவால்’ என்பதில் குறிக்குள் அடங்க வேண்டும். மாற்றிய பிறகு இந்த வரி சரியாக வந்தால் உங்கள் மாற்றி சரி. உலகத்தில் வேறு யாரும் தற்செயலாக எழுதக்கூடிய வரி அல்ல அது.

எனக்கும் பேசியவருக்கும் நடுவில் நான்கு வரிசைக் கதிரைகள்தான். கேள்வி நேரத்தில் கையை உயர்த்தியிருக்கலாம். அமர்வு முடிந்ததும் எழுந்துபோய்க் கதைத்திருக்கலாம். நான் போனை எடுத்துப் படம் பிடித்தேன். சிலைடும் தெரிந்தது, அவர் முகமும் தெரிந்தது. அதற்கு மேலே எழுதினேன்: “பதின்மூன்று வருஷத்துக்கு முதல் நான் இரவிரவாக இருந்து எழுதின வழிகாட்டி இப்ப இன்னொருவரின்ர சிலைடில. பேர் போட மனமில்லை. தமிழ்த் தொழில்நுட்பம் இப்படித்தான் வளருது.” அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே அதைப் போட்டுவிட்டேன்.

தேநீர் இடைவேளைக்கு வெளியே வந்தபோது நடையில் நின்றவர்கள் எல்லோரும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதை சட்டென்று அடங்கியது. ரோல்ஸ் தட்டோடு ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்ற அவரிடம் ஒரு பெடியன் போய்ப் போனைக் காட்டினான். அவர் வாசித்தார். தட்டை மெதுவாக ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் படியால் இறங்கிப் போனார். அந்தத் தட்டில் ஒரு கடி கடித்த ரோல்ஸ் அப்படியே இருந்தது. அதை நான் மறக்கவில்லை.

நான்கு மணிக்குள் இரண்டு கட்சி ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்தவர்கள் எனக்காக, அவருக்குத் தெரிந்தவர்கள் அவருக்காக. லண்டனில் அப்போது காலை பத்தரை மணி, அங்கிருந்தும் வந்தார்கள். அவர் எப்போதோ எழுதிய பதிவொன்றின் எழுத்துப்பிழைகளை ஒருவர் வட்டம் போட்டுக் காட்டினார். இன்னொருவர் என் பழைய பதிவொன்றை இழுத்து வந்து, நானே வேறொருவரின் படத்தைப் பெயரில்லாமல் போட்டிருந்ததைக் காட்டினார். அது உண்மை. பிறகு மலையகத் தமிழரைக் கொச்சைப்படுத்தும் அந்தப் பழைய சொல்லை ஒருவர் எழுதினார். எழுதியது நானல்ல. ஆனால் நான் போட்ட படத்துக்குக் கீழேதான் அது வந்து நின்றது. 1948 இல் குடியுரிமையே பறிபோன மக்களின் பிள்ளையைப் பார்த்து, ‘இது உன்னுடையதா?’ என்று ஊரறியக் கேட்டதன் பொருள் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்த இடத்தில் இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று காலைத் தேநீரில் நான் அறிமுகமானவர்களில் எழுபது வயது தாண்டிய ஐயா ஒருவர் இருந்தார். கொட்டாஞ்சேனையில் முப்பது வருஷம் அச்சகம் நடத்தி, கொரோனாக் காலத்தோடு மூடியவர். தொழில்நுட்ப மாநாட்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தமிழ் அமர்வு ஒன்று இருக்கிறது என்று பேரன் சொன்னதால் வந்திருந்தார். கையில் கடைப்பை ஒன்று, அது நிறையச் சீடிகள். கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலைச் சஞ்சிகை, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தியேட்டிக்குக் குடுக்கிற கல்வெட்டுகள். எங்கள் ஊர்களில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வெளிவரும் நினைவு மலரைக் கல்வெட்டு என்போம். இறந்தவரின் பிறப்பிலிருந்து பூட்டப்பிள்ளைகள் வரைக்கும் அதில் இருக்கும். போரில் வீடும் பெட்டகமும் போன குடும்பங்கள் பலவற்றுக்குத் தங்கள் பரம்பரை எழுத்தில் மிஞ்சியிருக்கிற ஒரே இடம் அது. நூலகம் நிறுவனம் 2005 இலிருந்து இணையத்தில் சேர்த்துவரும் ஆவணங்களில் இத்தகைய நினைவு மலர்களும் உண்டு. ஐயாவின் பைக்குள் இருந்தவற்றில் எத்தனை அங்கே இல்லாதவை என்று நினைத்தபோதே எனக்கு நெஞ்சு அடித்தது. “தமிழ் அமர்வு முடிய ஆறுதலாக் கதைப்பம் ஐயா” என்றேன்.

அமர்வு முடிய நடந்தது தெரியும்தானே. நடையின் ஒரு பக்கம் ஒரு கூட்டம் சத்தமாகக் கதைக்க, மறுபக்கம் நான் போனும் கையுமாக நிற்க, ஐயா பையோடு கொஞ்சநேரம் நின்று பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, “பிள்ளை, நீங்கள் முதல் உங்கட பிரச்சினையை முடியுங்கோ. நான் இன்னொருநாள் வாறன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருடைய தொலைபேசி இலக்கத்தை நான் எடுத்திருக்கவில்லை.

மாநாட்டு மேடையில் வெடிக்கிற சண்டைக்கு யார் செலவு கட்டுகிறார்கள் என்பதை நான் அந்தப் பையில்தான் பார்த்தேன். அதே வருஷம் செப்டெம்பர் 20 ஆம் திகதி அமெரிக்காவின் போர்ட்லண்டில், இணையத்தளங்கள் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் மாநாட்டில், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மட் முல்லன்வெக் மேடையிலேயே, வேர்ட்பிரஸ் தளங்களுக்கு இடம் கொடுக்கும் டபிள்யூபி எஞ்ஜின் நிறுவனத்தைக் கடுமையாகச் சாடினார். ஐந்து நாளில் அந்த நிறுவனத்தில் தளம் வைத்திருந்தவர்களுக்கு வேர்ட்பிரஸின் பொதுத் தளத்திலிருந்து வரும் செருகுநிரல் புதுப்பிப்புகள் தடைப்பட்டன. அடுத்த மாதம் 2 ஆம் திகதி விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. நியாயம் எந்தப் பக்கம் என்பதை விடுவோம். காலையில் எழும்பித் தன் கடையின் தளத்தைப் புதுப்பிக்க முடியாமல் நின்ற மனிதர் போர்ட்லண்ட் மண்டபத்தில் இருக்கவில்லை. நாங்கள் சில ஆயிரம் பேர் வாசிக்கிற தமிழ்த் தொழில்நுட்பக்காரர்கள். எங்கள் சண்டையின் அளவு வேறு, ஆனால் அதற்கும் மண்டபத்துக்கு வெளியே இருந்தவர்கள்தான் செலவு கட்டினார்கள்.

நான் பதினைந்து வருஷமாக இப்படியான இடங்களுக்குப் போய்வருகிறேன். முதலில் போனது 2009 ஆகஸ்டில், வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் நடந்த இலங்கைத் தமிழ்ப் பதிவர் சந்திப்புக்கு. போர் முடிந்து மூன்று மாதம். எழுத்தில் மட்டும் தெரிந்த பெயர்களுக்கெல்லாம் முகம் கிடைத்த நாள் அது. நான் கடைசி வரிசையில் இருந்துவிட்டு ஒருவரோடும் கதைக்காமல் வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டவை சில உண்டு. புதிதாகப் போகும் பிள்ளைகளுக்கு, முக்கியமாகக் கூட்டத்தில் பேச வெட்கப்படுகிற பிள்ளைகளுக்கு, அவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

போகுமுன் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து மூன்றே மூன்று பேரைத் தெரிவுசெய்வேன். அவர்கள் செய்த ஏதாவது ஒன்றை முதல்நாள் இரவே பார்த்து, அதில் எனக்கு விளங்காத ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போவேன். இருபது பேரிடம் அட்டை வாங்குவதைவிட இந்த மூன்று கேள்விகள் எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கின்றன. ஆளைக் கண்டதும் “என்ன செய்யிறீங்கள்?” என்று கேட்டால் பதவியைச் சொல்வார்கள். “இப்ப எதோட மினக்கெடுறீங்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறும். தன்னைத் தூங்கவிடாத வேலையைப் பற்றி மனிதர் கதைக்கத் தொடங்குவார். அச்சக ஐயாவிடமும் அதைத்தான் கேட்டேன், சீடிப் பை திறந்தது.

மூன்று பேர் வட்டமாக நின்று கதைத்தால் நான்காமவர் வந்து நிற்க ஓர் ஆள் அளவு இடம் விட்டு நில்லுங்கள். மென்பொருள் மாநாடுகளில் இதைப் பக்மன் விதி என்கிறார்கள். எரிக் ஹோல்ஷர் என்ற நிரலாளர் சொல்லிப் பரவியது. அந்தப் பழைய விளையாட்டில் வாயைத் திறந்தபடி வரும் வட்டம்போல நிற்க வேண்டும். நாங்கள் தமிழர் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கொழும்பில் எந்தக் கூட்டத்திலும் நாங்கள் ஆறேழு பேர் ஒரு மூலையில் சேர்ந்து முதுகைக் காட்டி நின்றுவிடுகிறோம். ஒருமுறை அப்படி நிற்காமல் விட்டதால்தான் ஒரு சிங்களப் பொறியியலாளரின் பழக்கம் எனக்குக் கிடைத்தது. பாமினி நமக்குச் செய்ததை எஃப்எம் அபய எழுத்துரு அவர்களுக்குச் செய்திருக்கிறது. அவரும் அதே நோயோடு பத்து வருஷம் மல்லுக்கட்டியவர். ஐந்து நிமிஷத்தில் அண்ணன் தங்கை மாதிரி ஆகிவிட்டோம்.

இலக்கம் வாங்கினால் பெயரோடு காரணத்தையும் போனில் எழுதிவையுங்கள். ‘சீடி, கொட்டாஞ்சேனை’ என்று இரண்டு சொல் போதும். அன்றிரவே, படுக்கப் போகுமுன், தருவதாகச் சொன்ன இணைப்பையோ கோப்பையோ அனுப்பிவிடுங்கள். இரண்டு நாள் போனால் அந்த முகம் கரைந்துவிடும். பின்னேரம் கதைப்போம் என்று விட்டால் என்ன நடக்கும் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

அன்றிரவுக்கு வருகிறேன். என் வட்ஸ்அப்பில் ஐம்பது அறுபது செய்தி. “விடாதீங்கோ அக்கா.” “சரியான அடி.” “முறைப்பாடு செய்யுங்கோ.” ஒரு தம்பி 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை எடுத்து, ஆக்கியவரின் பெயரைச் சொல்வது சட்டப்படியான உரிமை என்று விளக்கியிருந்தார். அவர் சொன்னது சரி. இன்னொருவர், இணையத்துக்கான நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அந்த வருஷம்தான் வந்தது, எதிர்த்தரப்பு அதைத் தூக்கிக்கொண்டு உங்கள் மேல் வரக்கூடும் என்று பயமுறுத்தினார். அத்தனை செய்திகளுக்கும் நடுவே அந்தச் சிங்கள அண்ணாவின் செய்தி ஒன்று. தன் மொழியில் ஒரே வரி கேட்டிருந்தார்: “நீங்கள் அவரோடு கதைத்தீர்களா?”

ஒருவரும் கேட்காத கேள்வி. நான் கதைக்கவில்லை.

ஒன்பதரைக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. குரல் செய்தி அனுப்பினேன்: “தம்பி, நான் உங்களிட்ட நேர கேட்காமல் பொதுவில போட்டது பிழை. வழிகாட்டி எப்பிடிக் கிடைச்சதெண்டு அறிய விரும்புறன். நீங்கள் சொல்லுற இடத்துக்கு வாறன்.” அடுத்த நாள் மாநாட்டில் அவர் பெயர் போட்டிருந்த கலந்துரையாடலில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. ஞாயிறு காலை பதில் வந்தது. வெள்ளவத்தையில் காலி வீதிச் சைவக்கடை ஒன்றைச் சொன்னேன். கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்தார்.

உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு போட்டோக்கொப்பிக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். ஓரம் மடிந்து, பிளேன்டீக் கறை பட்டு, ஸ்டேப்ளர் துருப்பிடித்த ஐந்து தாள்கள். என் எழுத்துத்தான். முதல் தாள் இல்லை. என் பெயரை நான் முதல் தாளில் மட்டும்தான் போட்டிருந்தேன்.

“அக்கா, 2015 ல ஒரு டீச்சர்ஸ் டிரெய்னிங்ல இத குடுத்தாங்க. யாரு எழுதுனதுன்னு நானும் கேட்டேன். தெரியலன்னுட்டாங்க. ஒம்பது வருசமா இத வச்சித்தான் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறேன்.”

எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வடை வந்தது, இருவரும் தொடவில்லை. பிறகு அவர் சொன்னார்: “நீங்க மொதல்ல எங்கிட்ட வந்து கேட்டிருந்தா, மைக்க எடுத்து அங்கேயே ஒங்க பேரச் சொல்லியிருப்பேன். எழுதுனவங்க இதே ரூம்ல இருக்காங்கன்னு சொல்ல எனக்கு எவ்வளவு பெருமையா இருந்திருக்கும்.”

பிறகு லப்டொப்பைத் திறந்து அந்த சிலைடுக்கு அடுத்த சிலைடைக் காட்டினார். அதில் அவர் தானாகக் கண்டுபிடித்த விதி இருந்தது. என் வழிகாட்டி ஒரு சொற்பட்டியலை வைத்து ஔகாரத்தைப் பிரித்தது. பட்டியலில் இல்லாத சொல் வந்தால் தடுமாறும். அவர் பட்டியலே இல்லாமல் செய்திருந்தார். கொம்போடு வரும் எழுத்துக்குப் பின்னால் நிற்கும் ள மேல் புள்ளியோ, இ, ஈ ஓசைக்கான விசிறியோ ஏறியிருந்தால், அது எழுத்து. ‘வெள்ளை’, ‘வெளி’, ‘தெளிவு’ எல்லாம் அப்படி. ஒன்றும் ஏறாமல் மொட்டையாக நின்றால் அது ஔகாரக் குறி. ‘கௌரவம்’, ‘மௌனம்’, ‘வௌவால்’ எல்லாம் அதில் அடங்கிவிடும். ஔவையார் ‘ஒளவையார்’ ஆகிற பிழைக்கும் இதே மருந்துதான். ‘மெள மெள’ போல விலக்குகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. எவ்வளவு எளிது. பதின்மூன்று வருஷமாக எனக்குத் தோன்றாதது. அந்த சிலைட் திரையில் வந்தபோது நான் குனிந்து போனில் தட்டிக்கொண்டிருந்தேன்.

திருத்தம் போடுவதைப் பற்றி நிறைய யோசித்தேன். பழைய பதிவை அழித்துவிடுங்கள் என்றார்கள் சிலர். அழித்தால் மற்றவர்கள் எடுத்த ஸ்கிரீன்ஷொட்கள் மட்டும் திருத்தமில்லாமல் சுற்றும். அதனால் படத்தை மட்டும் எடுத்துவிட்டு, என் வார்த்தைகளை அப்படியே கீழே விட்டு, மேலே நான்கு வரி எழுதினேன். நான் சொன்னது இது. உண்மை இது. நான் அவரிடம் கேட்காமல் எழுதினேன். ஔகார விதி அவருடையது. ‘யாருக்காவது மனம் புண்பட்டிருந்தால்’ என்று தொடங்கவில்லை. புண்பட்டது தெரிந்த பிறகு ‘இருந்தால்’ என்று எழுதுவது இன்னொரு பிழை. குற்றம் சாட்டியது பின்னேரம் மூன்று மணிக்கு, ஆட்கள் விழித்திருக்கிற வேளையில். திருத்தமும் அதே இடத்தில், அதே வேளையில்தான் போட்டேன். எனக்காகச் சண்டை பிடித்தவர்களுக்கு ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னேன். இரண்டு பேர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. தங்களை நடுத்தெருவில் விட்டுவிட்டேன் என்கிறார்கள், அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அந்தச் சொல்லை எழுதியவரை நான் விலக்கிவிட்டேன்.

நேரில் கதைத்தால் எல்லாம் தீரும் என்று நான் சொல்லவரவில்லை. வேண்டுமென்றே திருடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு பெண்ணை மிரட்டி எழுதுகிறவனோடு தேநீர் குடிக்கத் தேவையில்லை, சாட்சியைச் சேர்த்துக்கொண்டு பகிரங்கமாகவே சொல்ல வேண்டும். 2007 இல் அமெரிக்காவில் கதி சியரா என்ற தொழில்நுட்ப எழுத்தாளர் மிரட்டல்களால் மாநாட்டு உரையையே கைவிட வேண்டி வந்தது. அதன் பிறகுதான் தொழில்நுட்ப நூல் பதிப்பாளர் டிம் ஓ’ரெய்லி பதிவர்களுக்கு ஒரு நடத்தை விதிக்கோவையை முன்வைத்தார். அங்கே மௌனம் காப்பது குற்றத்துக்குத் துணைபோவது. ஆனால் பெயர் விடுபட்டது, யோசனை ஒத்துப்போனது, மேற்கோள் பிழைத்தது போன்றவற்றுக்கு முதலில் ஆளிடம் கேளுங்கள். ஒரு நாள் பொறுத்தால் உங்கள் உரிமை ஒன்றும் தேய்ந்துவிடாது. நீங்கள் எழுதும் வழிகாட்டியில் ஒவ்வொரு தாளின் அடியிலும் பெயரும் ஆண்டும் தொடர்பு முகவரியும் போடுங்கள். போட்டோக்கொப்பி இயந்திரம் முதல் தாளைத்தான் முதலில் தொலைக்கும்.

அச்சக ஐயாவைத் தேடிப் பிடிக்க மூன்று கிழமை எடுத்தது. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் கடை கடையாகக் கேட்டுப் போனோம், நானும் அந்த ஹட்டன் ஆசிரியத் தம்பியும். காகிதாதிக் கடைக்காரர் ஒருவர்தான் வீட்டைக் காட்டினார். ஐயா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேரும் சேர்ந்தே வந்திருக்கிறியள்” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தார்.

மொத்தம் 31 சீடி. எங்கள் கணினிகளில் 22 திறந்தன. வெறும் சீடியில் எழுதும்போது தரவு நிற்பது ஒரு சாயப் படலத்தில். சூடும் ஈரமும் வெளிச்சமும் பட்டால் அது மங்கிவிடும், கொழும்புக் காற்றில் கேட்கவே வேண்டாம். திறந்தவற்றில் பெரும்பாலானவை பேஜ்மேக்கர் கோப்புகள். அச்சுப் பக்கங்களை அமைக்கிற, 2001 இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள் அது. அது ஓடுகிற பழைய கணினி தம்பியின் பாடசாலையில் ஒரு மூலையில் இருந்தது. அதில் திறந்து, எழுத்தை வெளியே எடுத்து, அவருடைய விதியால் மாற்றுகிறோம். ஒவ்வொரு கோப்பும் முடிந்ததும் என் வௌவால் வரியை ஓட்டிப் பார்க்கிறோம்.

மூன்றாவது கல்வெட்டை முடித்தபோது கடைசிப் பக்கத்தில் யார் யார் பெயர் போடுவது என்ற பேச்சு வந்தது. ஐயா ஓர் அம்மாவின் பெயரைச் சொன்னார். பதினேழு வருஷம் அவருடைய அச்சகத்தில் இருந்து இவ்வளவையும் தட்டியவர். எந்த மலரிலும் அவர் பெயர் இல்லை. இப்போது வத்தளையில் மகளோடு இருக்கிறார். போனில் அழைத்துப் பெயரைப் போடலாமா என்று கேட்டோம். கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு, தான் முதன்முதல் தட்டிய கல்வெட்டு அதற்குள் இருக்கிறதா, இருந்தால் பார்க்க ஆசை என்றார். எந்த வருஷம், எந்த ஊர்க்காரருடையது என்பதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. ஐயா சீடி உறைகளைப் புரட்டிப் பார்த்தார். அது திறக்காத ஒன்பதில் ஒன்று. சில வேளை ஒரு டிரைவ் வாசிக்காததை இன்னொன்று வாசிக்கும். வருகிற சனிக்கிழமை தம்பி ஹட்டனிலிருந்து பழைய டிரைவ் இரண்டு கொண்டுவருகிறார்.